28ஆம் பிரிவும் ருக்மிணி தேவியும்

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 28ஆம் பிரிவு மிகச் சிறியது. ஒரு சமூகத்தின் மார்க்கம் வேண்டுகின்ற முறையில் ஒரு பிராணியைக் கொல்வது இச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்பதே அதன் சாரம். ஒரே வாக்கியம். அந்நாட்டின் கோடிக்கணக்கான முஸ்லிம்களின் உழ்ஹிய்யா இச்சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்பது அந்த வாக்கியத்தின் பலத்தில்தான். மாநிலங்கள்தோறும் உள்ள பசுவதைத் தடைச் சட்டங்கள் வேறு வழியால் வந்தவை, வேறு அரசியலைச் சுமப்பவை. அவற்றை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் பிறப்பதற்கு முதற்காரணமாக இருந்தவர் ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண். வாழ்நாள் முழுவதும் புலால் உண்ணாதவர். சர்வதேசத் தாவர உணவாளர் ஒன்றியத்தில் 1955 முதல் மூன்று தசாப்தங்கள் உபதலைவராக இருந்தவர். ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெயரைச் சொன்னால் பரதநாட்டியமும் கலாக்ஷேத்ராவும் மட்டுமே நம்மில் பலருக்கு நினைவில் வரும். பத்து வருடங்கள் பாராளுமன்றத்தில் இருந்து, அங்கே பிராணிகளுக்காகப் பேசுவதையே தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்ட அரசியல்வாதி அவர் என்பதைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. முஸ்லிம்கள் எழுதியது அதனினும் குறைவு. மாட்டை முன்வைத்து நம்மோடு அரசியல் பேசப்படும் காலத்தில் இந்த வரலாறு நமக்கும் தேவைப்படுகிறது.

ருக்மிணி 1904 பெப்ரவரி 29இல் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியியலாளர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வுபெற்றபின் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்கு அருகே வந்து குடியேறினார். 1920இல், பதினாறு வயதில், நாற்பதைக் கடந்த ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தார். சென்னையின் பிராமண சமூகம் கொதித்துப்போனது. அதைப் பொருட்படுத்தாத பெண் என்பது மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது.

நடனக் கதையை நீட்ட விரும்பவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935 டிசம்பரில் சபையின் வைரவிழாவில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவினார். தேவதாசிக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்த கலையை எடுத்து, அதிலிருந்த சிருங்காரத்தை ஒதுக்கித் ‘தூய்மை’ செய்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது உண்டு. பாலசரஸ்வதி அதைக் கடுமையாகவே எதிர்த்தார். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். கலையில் இந்த அம்மையார் எவரோடும் சமரசம் செய்துகொள்ளவில்லை. பிராணிகள் விடயத்தில் அப்படி இருக்க முடியவில்லை. அங்கே அவர் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவிலுள்ள தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள். (கலாக்ஷேத்ராவில் 1937 முதல் கைத்தறி நெசவுக்கும் ஒரு பிரிவு இருந்தது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மருதமுனை, பெரியநீலாவணைப் பக்கத்து வாசகருக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.)

பிரம்மஞான சபை இலங்கையருக்குப் புதியதல்ல. கேர்ணல் ஒல்கொட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் 1880 மே 17இல் காலியில் வந்திறங்கியதும், பௌத்த மறுமலர்ச்சியும், ஆனந்தாக் கல்லூரி 1886இல் தோன்றியதும் நமது பாடப்புத்தகங்களில் உள்ளவை. 1882இல் அடையாற்றில் தலைமையகம் அமைத்த அதே சபைதான் இது. ஒல்கொட்டின் நிழலில் வளர்ந்து, பின் அவரோடு முரண்பட்டு விலகியவர் அநகாரிக தர்மபால. மாட்டிறைச்சி உண்ணாமையை அவர் ஊரூராகப் பிரசாரம் செய்தார். முஸ்லிம் வணிகர்மீது அவருடைய எழுத்துகளில் தெறித்த வெறுப்பையும் நாம் அறிவோம். அந்தப் பிரசாரத்தில் மாடு மெல்ல மெல்ல ஒரு சமூகத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் எல்லைக் கல்லாக மாறியது. அடையாற்றிலோ, பரிசோதனைக்கூடத்தில் உயிரோடு அறுக்கப்படும் பிராணிகளைப் பற்றியும், வண்டியில் அடிபடும் மாட்டைப் பற்றியும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சபையின் ஐரோப்பிய உறுப்பினர் பலர் பிராணிப் பரிசோதனைக்கு எதிரானவர்கள். ஒரே சபையின் செல்வாக்கு கடலின் இக்கரையில் ஒருவிதமாகவும் அக்கரையில் வேறுவிதமாகவும் போய் முடிந்தது. ருக்மிணி அக்கரைக்காரர்.

1952 ஏப்ரலில் ராஜ்ய சபாவுக்கு அவர் நியமன உறுப்பினராக்கப்பட்டார். 1956இல் மீண்டும் நியமனம் பெற்று 1962 வரை இருந்தார். கலைஞர் என்ற தகுதியில் கிடைத்த ஆசனம் அது. நியமன உறுப்பினருக்குத் தொகுதி இல்லை, வாக்காளர் இல்லை, பின்னால் கட்சியும் இல்லை. ஒருவகையில் அது பலவீனம். இன்னொரு வகையில், எவருடைய வாக்கும் இல்லாத பிராணிகளுக்காகப் பேசப் பொருத்தமான ஆசனம்.

1953இல் மிருகவதைத் தடுப்புக்கான தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போது நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலச் சட்டம். 1954இல் விவாதம் நடந்தபோது பிரதமர் நேருவே எழுந்து பேசினார். நோக்கத்தைப் பாராட்டினார், அரசே ஒரு குழுவை அமைத்து முழுமையான சட்டத்தைக் கொண்டுவரும் என்று உறுதியளித்தார், சட்டமூலத்தை மீளப்பெறும்படி கேட்டுக்கொண்டார். ருக்மிணி மீளப்பெற்றார். தனிநபர் சட்டமூலங்கள் இப்படி மீளப்பெறப்பட்டபின் என்னவாகும் என்பது எந்தப் பாராளுமன்றத்தைக் கவனித்தவருக்கும் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இது ஆனது. ஆறு வருடங்களுக்குப் பிறகு, 1960 டிசம்பர் 26இல், அந்த வருடத்தின் 59ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்த அம்மையார் எதையெல்லாம் விழுங்கிக்கொண்டார் என்பது விளங்கும். 11ஆம் பிரிவு கொடுமைகளைப் பட்டியலிடுகிறது: அடித்தல், அளவுமீறிப் பாரமேற்றல், நோயுற்ற பிராணியை வேலை வாங்கல், திரும்பவும் இடமில்லாத கூட்டில் அடைத்தல், வலிக்கும்படி கட்டித் தூக்கிச் செல்லல், தீனியும் தண்ணீரும் கொடாதிருத்தல். அதே பிரிவின் பின்பகுதி விலக்குகளைச் சொல்கிறது. மனிதனின் உணவுக்காகப் பிராணியைக் கொல்வது, அவசியமற்ற வலி இல்லாதவரை, குற்றமல்ல. 14ஆம் பிரிவு அறிவியல் பரிசோதனைகளை அனுமதிக்கிறது. அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவை மட்டும் அமைக்கலாம். உயிர்ப் பரிசோதனையை அடியோடு வெறுத்த ஒருவருக்கு, புலாலை வாழ்நாளில் தொடாத ஒருவருக்கு, இவை சிறிய விட்டுக்கொடுப்புகள் அல்ல. அதற்குப் பின்னே 28ஆம் பிரிவு வருகிறது.

இந்தப் பிரிவை ருக்மிணியின் பெருந்தன்மை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்படி எழுதினால் அது வரலாறாகாது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதைப்போன்ற ஒரு பிரிவு இருந்தது. கலகம் வந்துவிடக்கூடாது என்ற ஆட்சியாளரின் எச்சரிக்கை அதன் பின்னால் இருந்திருக்கும். பிரிவினையின் இரத்தம் காயாத ஐம்பதுகளில் நேருவின் அரசு அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. ருக்மிணியைப் பற்றி நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்தப் பிரிவோடு வந்த சட்டத்தை அவர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு, எஞ்சிய வாழ்நாளை அதை நடைமுறைப்படுத்துவதில் செலவிட்டார். 1962இல் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி இந்தியப் பிராணிகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர். 1986 பெப்ரவரி 24இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நடுவில், 1977இல், மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்படி கேட்டபோது மறுத்துவிட்டார்.

வாரியத்தின் ஆரம்ப காலத்தில், 1965இல், ஒரு விதித்தொகுப்பு வந்தது. எங்கள் பகுதியில் வண்டில் மாடு பார்த்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். பாரமிழுக்கும் மாட்டை ஒரு நாளில் மொத்தம் 9 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இளைப்பாற விடாமல் தொடர்ந்து 5 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியஸைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை பூட்டக்கூடாது. உழவு இயந்திரம் வயலுக்கு இறங்குவதற்கு முன் எங்கள் வட்டைகளில் உழுததும், களவெட்டியில் சூடு மிதித்ததும், நெல் மூடைகளை இழுத்து வந்ததும் மாடுகள்தாம். பங்குனி, சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுத் தார்ச் சாலையில் நிற்கும் மாட்டுக்கு இந்த மூன்று மணித்தியாலம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த விதிகள் எத்தனை ஊர்களில் மீறப்பட்டன என்பது வேறு கதை. 11ஆம் பிரிவின் கொடுமைகளுக்கு முதல் தடவையில் விதிக்கக்கூடிய அபராதம் 50 ரூபாவைத் தாண்டவில்லை. ரூபாவின் பெறுமதி தேய்ந்து தேய்ந்து ஒரு தேநீர்ச் செலவுக்கு வந்தபின்னும் அந்தத் தொகை அப்படியே இருந்தது.

இவற்றைப் படிக்கும்போது ஒரு முஸ்லிம் வாசகருக்கு எங்கேயோ கேட்ட குரல்போல் தோன்றுவது தற்செயலல்ல. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரின் கதையையும் நமது பிள்ளைகள் மதரசாவில் முதல் வருடத்திலேயே கேட்கிறார்கள். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் அழுத ஒட்டகத்துக்காக நபி (ஸல்) அவர்கள் அதன் சொந்தக்காரரைக் கண்டித்ததும், பிராணியின் முகத்தில் சூடு போடுவதைத் தடுத்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கமுள்ள எங்கள் மாவட்டத்தில் இரண்டாவது செய்திக்குத் தனிக் கனம் உண்டு. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்கு இலகுவாக்கு என்பதும் கட்டளை. பிற்காலத்து முஹ்தஸிப்கள், அதாவது சந்தைக் கண்காணிப்பாளர்கள், பிராணிமீது அளவுமீறிய பாரம் ஏற்றுபவரைத் தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். 1262இல் காலமான ஷாபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் மனிதன்மீது பிராணிக்குள்ள உரிமைகளை ஒன்றொன்றாக எடுத்து எழுதினார். கிழடாகிப் பயன்படாமல் போன பிராணிக்கும் தீனி கொடுக்க வேண்டும், அதனதன் குட்டிகளை அதன் கண்முன்னே அறுக்கக்கூடாது என்பவை அவற்றில் சில. அதற்கும் முந்திய பத்தாம் நூற்றாண்டில், பஸராவின் இக்வானுஸ் ஸபா குழுவினர், மனிதன்மீது பிராணிகள் ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு முழு நிருபமே எழுதினார்கள். இலக்கியமாக வாசித்தாலும் அது ஓர் அற்புதம். நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

இந்தச் சொத்தை நாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மாடறுப்புக்கு எதிராக எவராவது குரல் எழுப்பும்போது மட்டும் திறந்து காட்டுகிறோம் என்பது என் குறை. உலகம் நம்மைக் கேள்வி கேட்பதும் அந்த ஓர் இடத்தில்தான் என்பதால் அது ஓரளவு விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஒல்லாந்தில் நடந்தது அதற்கு நல்ல உதாரணம். மரியான் தீமே என்பவர் 2002இல் வேறு சிலரோடு சேர்ந்து பிராணிகளுக்கான கட்சியைத் தொடங்கினார். 2006 பொதுத்தேர்தலில் அக்கட்சி இரண்டு ஆசனங்களை வென்றது. ஒரு தேசியப் பாராளுமன்றத்தில் பிராணிகளின் பெயரால் ஒரு கட்சி நுழைந்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை. தொழிற்சாலைபோல் நடக்கும் பெரும் பண்ணைகளை எதிர்ப்பதே அக்கட்சியின் பிரதான வேலை. அங்கே துன்பப்படும் பிராணிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஹலால், கோஷர் அறுப்பு சிறு துளி. ஆனால் பாராளுமன்றத்தில் தீமேக்குப் பெரும்பான்மை கிடைத்தது எதற்கு? மயக்காமல் அறுப்பதைத் தடைசெய்யும் சட்டமூலத்துக்கு. 2011 ஜூனில் கீழ்ச்சபையில் 116க்கு 30 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. முஸ்லிம்களை நாட்டைவிட்டே அகற்றப் பேசிவந்த வில்டர்ஸின் கட்சியும் அன்று பிராணிகளின் பக்கம் கை உயர்த்தியது. யூதர்களும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் அமர்ந்து எதிர்த்தார்கள். 2012 ஜூனில் மேல்சபை அதை நிராகரித்தது. அதே மாதத்தில் அரசும் இறைச்சித் தொழில்துறையும் இரு மதத்தவரின் அமைப்புகளும் ஓர் உடன்பாடு எழுதின: கழுத்தறுபட்ட பிராணி 40 செக்கனுக்குள் நினைவிழக்காவிட்டால் அதனை மயக்கிவிட வேண்டும்.

தீமேயின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர் சமயப் பற்றுள்ளவர், 2019வரை பாராளுமன்றத்தில் தன் பணியைத் தொடர்ந்தவர். பண்ணை முதலாளிகளிடம் தோற்றுக்கொண்டிருந்த ஒரு கட்சிக்குச் சிறுபான்மையினரின் கத்தி எளிதான இலக்காக வாய்த்தது என்பதைத்தான் சொல்கிறேன். கட்சியில்லாத ருக்மிணி அந்த இலகுவான வழியால் போகவில்லை. அன்றைய டில்லி அவரைப் போக விட்டிருக்குமா என்பதும் கேள்விதான்.

நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதன் உச்ச அபராதம் 100 ரூபா. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதே தொகை. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய பிராணிகள் நலச் சட்டமூலமொன்றைத் தயாரித்தது. 2010இல் அத்துரலியே ரதன தேரர் அதனைத் தனிநபர் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 2016இல் அமைச்சரவை இசைவு கொடுத்தது. வண்டியில் அடிபடும் மாட்டுக்கும், கூட்டில் நெரிபடும் கோழிக்கும், தெருநாய்க்கும் உதவக்கூடிய அந்த வரைவு வருடக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தது. மாடறுப்புத் தடை என்றவுடனோ நாடே விழித்துக்கொள்கிறது. 2013 மே மாதம், வெசாக் தினத்தில், போவத்தே இந்திரரதன தேரர் மாடறுப்பை எதிர்த்துக் கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே தனக்குத் தானே தீமூட்டி உயிரை விட்டார். ஒரு மனிதனின் அந்த மரணத்தை எள்ளளவும் இலேசாகப் பேசக்கூடாது. ஹலால் சான்றிதழுக்கு எதிரான கூச்சல் ஓயாத மாதங்கள் அவை என்பதையும் மறந்துவிட முடியாது.

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. அந்தத் தீர்மானத்தின் இரண்டாம் பகுதி அதைவிட விசித்திரமானது: உண்பவர்களுக்காக மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம். அப்படியானால் பிரச்சினை மாட்டின் உயிரா, அதை இங்கே அறுக்கும் கையா? எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அன்று பேசப்பட்டது இறைச்சிக் கடைக்காரரின் பிழைப்பைப் பற்றியே. பட்டி வைத்திருக்கும் தமிழரையும் சிங்களவரையும் எவரும் பேசவில்லை. பால் வற்றிய மாட்டையும் உழ முடியாத எருதையும் விற்று அடுத்த கன்றை வாங்கும் ஏழைக்கு அந்தத் தீர்மானத்தில் என்ன பதில் இருந்தது? பெரியநீலாவணையில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சமூகமும் அந்தப் பக்கம் மற்றதும் வாழ்கின்றன. மாடு வேலி தாண்டித்தான் கைமாறுகிறது. 2021 ஒக்டோபரில் சட்டத் திருத்தங்களுக்கும் அமைச்சரவை இசைந்தது. 2022இல் எரிபொருளும் பால்மாவும் இல்லாமல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த ஆட்சியே போய்விட்டது.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் அதே 1960 சட்டத்தின்கீழ் 2001இல் வந்த மடுவ விதிகள், ஒரு பிராணியை இன்னொன்றின் கண்முன்னே அறுக்கக்கூடாது என்கின்றன. இஸ்ஸுத்தீன் எழுதியதற்கு இது எவ்வளவு கிட்ட வருகிறது! ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்கள் ஊர்களில் மாடுகளை வரிசையாகக் கட்டிவைத்து, ஒன்று துடிக்க மற்றவை பார்த்து நிற்க, சுற்றிலும் சிறுவர்கள் கைத்தொலைபேசியில் படம்பிடிக்க அறுப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு படங்குத் துணியை நடுவே கட்டினால் தீரக்கூடிய காரியம் அது. பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவில் சொன்னால் போதும். எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை.

ருக்மிணியின் சட்டத்துக்கு அவர் இறந்து முப்பது வருடங்களுக்குப் பின் புதிய சோதனை வந்தது. ஜல்லிக்கட்டு விவகாரத்தில் 2014இல் உச்சநீதிமன்றத்தில் தடை வாங்கியது அவர் தலைமை தாங்கிய அதே வாரியம்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் தமிழ் இளைஞர் திரண்டதையும், தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியதையும், 2023இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டதையும் எல்லோரும் அறிவர். அதைவிட நமக்கு முக்கியமானது 2017 மே 23இல் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதிகள். சந்தையில் மாட்டை அறுப்புக்காக விற்கவோ வாங்கவோ முடியாது என்றன அவை. எந்தச் சட்டத்தின் அதிகாரத்தில்? 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் அதிகாரத்தில். பெற்ற சட்டம் உணவுக்கான அறுப்பைக் குற்றமல்ல என்று சொல்லியிருக்க, அதன் பிள்ளையான விதி அதனைத் தடுப்பது எப்படி என்பதே எதிர்த்தவர்களின் வாதம். 11ஆம் பிரிவின் விலக்கும் 28ஆம் பிரிவின் ஒற்றை வாக்கியமும் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கப்பட்டன. மே 30இல் அந்த விதிகளுக்கு முதன்முதலில் இடைக்காலத் தடை விதித்தது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ருக்மிணி பிறந்த ஊரில். ஜூலை 11இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அடுத்த வருடம் வாரியத்தின் தலைமையகம் சென்னையிலிருந்து ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.